நானே வந்து கூட்டிட்டுப் போறேன்

கேஸ அணைச்சேனா இல்லையா? பால் காய்ச்சினேன், இறக்கி வெச்சேன், மேல தட்டு போட்டு மூடினேன், பூனை தள்ளிடப் போகுதேன்னு அந்தத் தட்டு மேல இடுக்கிய வேற வெச்சேன். இடுக்கி வரைக்கும் ஞாபகம் இருக்கு, குமிழத் திருகினது மட்டும் ஞாபகம் இல்ல. திரும்பிப் போய்ப் பாத்துட்டு வரலாம்னா பக்கத்து வீட்டு எஸ்தர் வாசல்லயே நிக்கிறா. "என்னடி குணா, மாப்பிள்ளையப் பாக்காமயே திரும்பிட்டியா"ன்னு கேப்பா, எங்க வீட்டு வரிசையே சிரிக்கும். சிரிக்கட்டுமே, எனக்கென்ன, அம்பத்தெட்டு வயசுல மயில்கழுத்துக் கலர் புடவை கட்டிக்கிட்டு ஒரு முழம் ஜாதிமல்லி வெச்சிக்கிட்டுக் கிளம்பினவ சிரிப்புக்குப் பயந்தா ஆகுமா. சாவி எஸ்தர்கிட்டதான் இருக்கு. வாசனை வந்தா அவளே போய்ப் பாப்பா, யார் வீட்ல என்ன குழம்புன்னு நின்ன எடத்துலேர்ந்தே சொல்ற மூக்கு அது. அணைச்சிருப்பேன். அணைக்காம எப்படி வந்திருப்பேன். இன்னிக்கு ஜீவரத்தினம் சார் என் வீட்டப் பாக்க வர்றார், அந்தப் படபடப்புல கை என்ன செஞ்சுதுன்னு மனசுக்குத் தெரியல, அவ்ளோதான். போன வாரம் போன்ல அவரே சொன்னார். "எனக்கு சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதுங்க. மிச்சக் காலத்த ரெண்டு பேரும் சேந்து இருந்துடலாம்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு என்ன தோணுதுன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன், நேர்லயே சொல்லிடுங்க." எனக்குத் தோணாம என்ன. ஆமாதான். அன்னிக்கே ஆமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அவர் வீட்டுக்கு வரணும்னா லாயத்தோட்டத்துக்குள்ள வரணுமே, நான்தான் வேப்பேரியில இருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேனே.

வேணும்னா சொன்னேன்? கண்ணாஸ்பத்திரியில ரெண்டு பேருக்கும் சொட்டு மருந்து விட்டு, கண்ணத் திறக்கக் கூடாதுன்னு நர்ஸ் மெரட்டிட்டுப் போயிட்டா. பக்கத்துல யாருன்னே தெரியல. "மணி என்ன இருக்குங்க"ன்னு ஒரு ஆம்பளக் குரல். "எனக்கெப்படித் தெரியும், நானும் மூடிக்கிட்டுதான் இருக்கேன்"னேன். அந்தாளு சிரிச்சாரு பாருங்க, அப்படியொரு சிரிப்பு, ஆஸ்பத்திரியில சிரிக்கிற சிரிப்பே இல்ல. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவ, முகம் பாத்து ஆள எடை போடத் தெரியாது எனக்கு, குரல் கேட்டா போதும். இது நல்ல குரல்னு அப்பவே காது சொல்லிடுச்சு. ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருந்து ரிடையர் ஆனவராம், பொண்டாட்டி போய் ரொம்ப வருஷமாம், பொண்ணு பெங்களூர்லயாம், இப்ப அயனாவரத்துல தனியா இருக்காராம். நாலு புறமும் கேக்கற மாதிரி பேசிப் பழகின தொண்டை, என்கிட்ட மட்டும் ஸ்டாண்ட் அட் ஈஸ்ல பேசுச்சு. "நீங்க எங்க இருக்கீங்க"ன்னார். வாய் தானா சொல்லுச்சு, வேப்பேரின்னு. யோசிக்கவே இல்ல. எங்க லாயத்தோட்டத்துல பொறந்த யாரும் யோசிக்க மாட்டாங்க, தும்மற மாதிரி வந்துடும். "அட, சின்ன வயசுல நானும் வேப்பேரிதாங்க"ன்னார். போச்சுடா, எந்தத் தெருன்னு கேக்கப் போறாரேன்னு நான் சட்டுனு பேச்ச மாத்தி, சொட்டு மருந்து உங்களுக்கும் கசக்குதா தொண்டையிலன்னு கேட்டேன். நல்லவேளை, அவரும் கசப்புக்குத் தாவிட்டார், தெருவப் பத்திக் கேக்கவே இல்ல. அப்புறம் ரெண்டு மாசமா தினம் போன். நடுவுல ரெண்டு தடவ பார்க்குல வெச்சுப் பாத்தோம், முகமும் பரவால்ல, குரல் அளவுக்கு இல்லன்னாலும். பின்கோடு ஒண்ணுதானே. லாயத்தோட்டத்துக்கும் ஏழுதான், வேப்பேரிக்கும் ஏழுதான். சர்க்காரே ஒண்ணாத்தான் வெச்சிருக்கு, நான் சொன்னா மட்டும் பொய்யா?

பொய்தான். யாருகிட்ட மறைக்கிறது, இதோ கால் நடக்கிற இந்த வரிசையே சொல்லுமே. எவனோ ஒரு துரை, பேரு யாருக்கும் தெரியாது, அவனுக்குக் குதிரைங்கன்னா உசிராம், ஊருக்கு நடுவுல இவ்ளோ பெரிய எடத்த வளைச்சு லாயம் கட்டினான். நாப்பது குதிரைன்னு நாயுடு சொல்வார், நூறுன்னு எஸ்தர் சொல்வா, நாயுடுவுக்கு எருமை இருக்கறதால அவர் கணக்குக்கு மதிப்பு ஜாஸ்தி. துரை கப்பலேறிட்டான். குதிரைக்குத் தீனி வெச்சவங்க, தேச்சு விட்டவங்க, லாடம் அடிச்சவங்க, ஜட்கா ஓட்டினவங்க, அவங்கெல்லாம் எங்க போறது? குதிரை நின்ன எடத்துலயே குடும்பம் நடத்த ஆரம்பிச்சாங்க. ஒரு குதிரைக்கு ஒரு தடுப்பு, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம். அப்படியே சுவர் எழும்பி, ஓடு போட்டு, அப்புறம் தளம் போட்டு, பட்டா வாங்கி, மாடி கட்டி, ஏசி மாட்டி, இன்னிக்கு வரைக்கும் அதே வரிசை. எல்லா வீட்லயும் உள் சுவத்துல நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்பு வளையம் இருக்கும், குதிரையக் கட்டற வளையம். பிடுங்கவே முடியாது, பிடுங்கினா சுவரே கூட வரும். எங்கப்பா அதுல ஜட்கா சவுக்க மாட்டுவாரு. நான் ஹேண்ட்பேக் மாட்டுவேன். எஸ்தர் வீட்ல அதுல மணி பிளான்ட் தொங்குது. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப குணசுந்தரின்னு டீச்சர் கூப்பிட்டா நான் உள்ளேன் அம்மா சொல்றதுக்குள்ள பின் பெஞ்சு மொத்தமும் கனைக்கும், ஹிஹிஹின்னு. டீச்சரே ஒரு நாள் சிரிச்சிட்டா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். எங்கப்பா, "கனைச்சா திருப்பிக் கனை, ஒங்கப்பன் குதிரைக்காரன்தான், நல்லாக் கனைக்கக் கத்துக் குடுக்கறேன்"னு சொல்லி ராத்திரி சாப்பாட்டு வரைக்கும் கத்துக் குடுத்தாரு. நெஜமான கனைப்பு அடிவயித்துலேர்ந்து வரணும். மறுநாள் வகுப்புல கனைச்சேன் பாருங்க, பின் பெஞ்சு வாயடைச்சுப் போச்சு, டீச்சர் என்ன வெளிய நிக்க வெச்சா. அதுக்கப்புறம் யாரும் கனைக்கல, ஆனா நான் மட்டும் எங்க போனாலும் வேப்பேரின்னு சொல்லப் பழகிட்டேன்.

இதோ வளைவு வந்தாச்சு. இங்கேர்ந்து நல்ல வழி ஆரம்பம். எங்க ஊருக்குள்ள வர மூணு வழி. மீன்கடையும் நாயுடு எருமைக் கொட்டாயும் தாண்டி வர்றது நாத்த வழி. ரயில்வே சுவத்துல இருக்கற ஓட்டை வழியாப் பூந்து வர்றது பொந்து. அந்தப் பொந்த வெளியாளுங்க யாருக்கும் தெரியாது. ரயில்வேக்காரங்க அடைப்பாங்க, அடுத்த வாரமே எப்படியோ திறந்துக்கும், யாரு திறக்கறாங்கன்னு கேட்டா ஊரே ரயிலப் பாத்துக்கிட்டு நிக்கும். மூணாவதுதான் நல்ல வழி, சுத்து வழி. மாட்டாஸ்பத்திரி பஸ் ஸ்டாப்லேர்ந்து சேட்டு அபார்ட்மெண்ட் பக்கமா வந்து, அந்த போகன்வில்லா சந்துல திரும்பி, நம்ம வரிசைக்குப் பின்பக்கமா வந்து சேரும். வெளியூர் விருந்தாளின்னா, சம்பந்தின்னா, ஆபீஸ் மேனேஜர்னா, அட்ரஸ் யாரும் குடுக்க மாட்டோம். "மாட்டாஸ்பத்திரி ஸ்டாப்ல நில்லுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்"னுதான் சொல்வோம், ஜீவரத்தினம் சார்கிட்டயும் நான் அதத்தான் சொல்லியிருக்கேன். நல்ல துணியில ஒருத்தர் நல்ல வழியில கிளம்பினா ஊருக்கே புரிஞ்சிடும். யாரும் சொல்ல வேணாம். கல்தொட்டிகிட்ட துணி துவைக்கறவங்க பக்கெட்ட ஓரமா இழுத்துப்பாங்க, கேரம் ஆடற பெருசுங்க எந்திரிச்சு சட்டை மாட்டிக்கும், சண்டை போட்டுக்கிட்டிருக்கறவங்க ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, விருந்தாளி தாண்டினதும் விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிப்பாங்க. நாயுடு இப்பவே எருமைங்கள உள்ள தள்ளிக்கிட்டிருக்கார், பாருங்க. "குணாம்மா, ரெண்டக் கட்டிட்டேன், மூணாவது அடம் பிடிக்குது, நீங்க கொஞ்சம் மெதுவாவே கூட்டியாங்க!" சரிங்க நாயுடுன்னு கை காட்டிட்டு நடக்கறேன். அரசியல்வாதிங்க மட்டும் எப்பவும் நாத்த வழியாத்தான் வருவாங்க, போட்டோவுக்கு நல்லா இருக்குமாம். அவங்களுக்கு எருமைய நாயுடு அவுத்து விடுவார்.

நாங்க பொய் சொல்றோம்னு இல்ல, சாமர்த்தியம். ஆனா அந்தச் சாமர்த்தியம் ஒருதரம் கழுத்த அறுத்துச்சே. எனக்கு அப்ப இருபத்தேழு. வில்லிவாக்கத்துலேர்ந்து பொண்ணு பாக்க வந்தாங்க. எங்கப்பா புது வேட்டி கட்டிக்கிட்டு இதே நல்ல வழியில போய் இட்டுக்கிட்டு வந்தாரு, வழி பூரா பேசிக்கிட்டே, சேட்டு அபார்ட்மெண்ட என்னமோ எங்க சொத்து மாதிரி காட்டிக்கிட்டே. உக்காந்தாங்க, பஜ்ஜி சாப்ட்டாங்க, மாப்பிள்ளைக்கு என்னப் பிடிச்சிருக்கு, பாத்தாலே தெரியுது. அப்ப மாப்பிள்ளையோட மாமா, பெரிய மீசை, எண்ணெய்க் கையத் தொடைக்கத் துண்டு கேட்டார். துண்டு அந்த வளையத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சு. துண்ட எடுத்தார். வளையத்தப் பாத்தார். "இது குதிரை கட்ற எடமாச்சே"ன்னார். ஒரே ஒரு வாக்கியம். பஜ்ஜித் தட்டு பாதியில நின்னுச்சு. வேப்பேரின்னீங்களேன்னாங்க. பின்கோடு ஒண்ணுதான்னு எங்கப்பா சொன்னாரு, அந்த மனுஷன் குரல அதுக்கு முன்னாடியும் நான் அப்படிக் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல. எனக்கு மாப்பிள்ள போனது பெருசா வலிக்கல. அவன் முகங்கூட இப்ப ஞாபகம் இல்ல. எங்கப்பா குரல்தான். அப்புறம் அவரு படுத்தாரு, தம்பி படிச்சான், நான் ஷிப்டுக்கு ஷிப்டு ஊர் ஊரா லைன் போட்டுக் குடுத்தேன், மத்தவங்க காதலையெல்லாம் ஹெட்போன்ல கேட்டேன், வயசு போச்சு. நல்லாத்தான் போச்சு, குறை சொல்ல மாட்டேன். ஆனா இப்ப ஜீவரத்தினம் சார் அந்த வளையத்தப் பாத்துட்டு அதே வாக்கியத்தச் சொன்னா? அத மறைக்கவும் பாத்தேன். காலையில வளையத்து மேல காலண்டர் மாட்டினேன், காலண்டர் சின்னது, வளையம் ரெண்டு பக்கமும் எட்டிப் பாத்துச்சு, மீசை மாதிரி. எஸ்தர் விழுந்து விழுந்து சிரிச்சா. எடுத்துட்டேன். கேஸ அணைச்சேனா?

சந்து தாண்டியாச்சு. இந்தப் பக்கம் ஐஸ் பேக்டரி இருந்துச்சு, குதிரை போன பெறகு வந்தது. பழைய வைக்கோல் கிடங்குல ஐஸ்கட்டிங்களுக்கு உமி போட்டு அடுக்கி வெப்பாங்க, மே மாசத்துல நாங்க எல்லாம் அந்தச் சுவத்துல முதுக ஒட்டிக்கிட்டு நிப்போம், முதுகு சில்லுன்னு இருக்கும், முகம் வேர்க்கும். அதுவும் போய் இப்ப கூரியர் குடோன். அப்புறம் ரேஸ் டிப்ஸ். எங்க ஊர்க்காரங்களுக்குக் குதிரை தெரியும்னு நம்பி, கிண்டி ரேஸ் அன்னிக்குக் காலையில கார்ல வந்து எங்கப்பாகிட்ட டிப்ஸ் கேப்பாங்க. பெரிய பெரிய மனுஷங்க, நாத்த வழியா, மூக்க மூடிக்கிட்டு. ஜட்காக் குதிரையத் தவிர எதையும் பாத்திராத எங்கப்பா கண்ண மூடி, "வெள்ளக்காலு"ன்னு சொல்வாரு. எல்லா ரேஸ்லயும் ஏதாவது ஒண்ணுக்கு வெள்ளக்கால் இருக்கும். ஜெயிச்சா பிரியாணி வரும், தோத்தா அந்தாளு வர மாட்டான், ரெண்டும் லாபம்னுவாரு. சிரிப்பா வருது, ரோட்ல நானா சிரிச்சுக்கிட்டுப் போறேன், சேட்டு வீட்டு வாட்ச்மேன் பாக்கறான். பாக்கட்டும். இந்த ஊருக்கு என்ன குறைச்சல்னு கேக்கறேன்? பைப்புல தண்ணி வருது, ரெண்டு பஸ் ரூட் இருக்கு, செத்தா தூக்க ஆள் இருக்கு, ராத்திரி தலைவலின்னா எஸ்தர் தைலத்தோட வந்து நிப்பா. பேருல என்ன இருக்கு? ஆனா பேர வெளியில சொல்ல மட்டும் தொண்டை அடைக்குது. முப்பது வருஷம் அடுத்தவங்க பேச லைன் போட்டவளுக்குத் தன் ஊர் பேரு தொண்டையில சிக்குது, என்ன கொடுமை.

ஸ்டாப். மாட்டாஸ்பத்திரி வாசல்ல ஒரு கன்னுக்குட்டி கால்ல கட்டோட ஆட்டோவுலேர்ந்து இறங்குது, ஆட்டோக்காரர் அத என்னமோ ஆபீசர் மாதிரி கையப் பிடிச்சு இறக்கறார். ஒரு பஸ் வந்துச்சு. அவர் இல்ல. ஜாதிமல்லி ஜாஸ்தியோ, ஒரு சாண் குறைச்சிருக்கலாம். இன்னொரு பஸ், அதுலயும் இல்ல. டிரில் மாஸ்டர் லேட்டா வர மாட்டாரே, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்து அட்டென்ஷன்ல நிக்கற ஆளாச்சே. போன் போட்டேன், ரிங் போகுது, எடுக்கல. ரிங் போற சத்தம் எனக்கு நல்லாத் தெரியும், எடுக்க மனசில்லாத ரிங் ஒரு மாதிரி, எடுக்க முடியாத ரிங் ஒரு மாதிரி. இது எதுன்னு இன்னிக்குக் காது சொல்ல மாட்டேங்குது. யாராவது சொல்லியிருப்பாங்களோ? குணசுந்தரியா, அந்த லாயத்தோட்டத்துப் பொம்பளையான்னு. சொல்லியிருந்தா? இந்த வயசுல ஒரு பொம்பள தன் ஊரையே மறைச்சான்னா மீதி என்னென்ன மறைப்பாளோன்னு நெனைக்க மாட்டாரா? நெனச்சா நியாயந்தானே. முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம். லாயத்தோட்டங்க, குதிரை கட்ற எடங்க, எங்க வீட்ல வளையம் இருக்குங்க, இஷ்டம்னா பேசுங்க இல்லன்னா கண்ண மூடிக்கிட்டு உக்காருங்கன்னு. கண்ணுதான் மூடியிருந்துச்சே, முகத்தக் கூடப் பாக்க வேண்டியதில்ல, அதவிட சவுகரியமா எவளுக்கு அமையும். மறுபடி ஒரு பஸ். கன்னுக்குட்டி உள்ள போயிடுச்சு. எங்கப்பா அன்னிக்கு வில்லிவாக்கத்துக்காரங்கள இதே எடத்துக்குத் திரும்பக் கூட்டிட்டு வந்து பஸ் ஏத்தி விட்டாரு, அவங்க ஏறினதும் கையெடுத்துக் கும்பிட்டாராம், நாயுடு பாத்துட்டு வந்து சொன்னார். போதும்ப்பா. நான் யாரையும் கும்பிட்டு அனுப்ப மாட்டேன். வரலன்னா வரல, வீட்டுக்குப் போய் அந்தப் பாலுல பாயசம் வெச்சு எஸ்தரும் நானும் குடிப்போம். கண்ணு ஏன் இப்படி எரியுது, சொட்டு மருந்து கூட இல்லாம.

போன் அடிச்சுது. அவர்னு பாத்தா எஸ்தர்.

"ஏய், எங்கடி நிக்கற?"

"ஸ்டாப்லதான். அவர் வரலடி."

"வரலையா? ஒங்காளு இங்க ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருக்காரு!"

"எங்க?"

"உன் வீட்லதான்! பொந்துல வந்தாருடி. பாதியில மாட்டிக்கிட்டாரு. நாயுடுதான் ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்துப் போட்டாரு. முதுகு பூரா சுண்ணாம்பு. போன் அந்தப் பக்கமே விழுந்துடுச்சு, இப்பதான் ஆள் போய் எடுத்துக்கிட்டு வந்துது. அப்புறம் இன்னொண்ணு, கேஸ அணைக்காமயே போயிட்ட. சிம்ல எரிஞ்சிக்கிட்டு இருந்துது. அதுலயே டீ போட்டுட்டேன்."

பொந்துலயா? பொந்து அவருக்கு எப்படித் தெரியும்? நல்ல வழியெல்லாம் மறந்து போச்சு, மயில்கழுத்துப் புடவைய ஒரு கையில தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நாத்த வழியாவே ஓடறேன், மீன்கடைத் தண்ணியில செருப்பு சறுக்குது, மீன்காரம்மா "குணாக்கா, ஒங்க வீட்டு மாப்பிள்ள வந்துட்டாராமே"ன்னு கத்தறா, ஆமா ஆமான்னுக்கிட்டே ஓடறேன், அந்த ஆமாவத்தான் ஒரு வாரமா வெச்சுக்கிட்டு முழிச்சேன், மீன்காரம்மாகிட்ட சுலபமா வந்துடுச்சு. கொட்டாய் பூட்டிக் கிடக்கு, அடம் பிடிச்ச மூணாவது எருமை மட்டும் நடுத்தெருவுல நிக்குது, அதச் சுத்திக்கிட்டு ஓடறேன். மூச்சு வாங்குது. வெளியாளுக்குப் பொந்து தெரியாது. தெரியவே தெரியாது. அப்படின்னா? அப்படின்னா என்ன அர்த்தம்? கேரம் பெருசுங்க சட்டையோட வரிசையா என் வீட்டு ஜன்னல்ல தொங்கறாங்க. தள்ளுங்கய்யான்னு உள்ள போனேன்.

என் நாற்காலியில உக்காந்திருக்கார். வெள்ளச் சட்டையில தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் சுவத்துச் சுண்ணாம்பு, மடியில ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு மூலை நசுங்கியிருக்கு. ஒரு கையில டீ. இன்னொரு கை அந்த வளையத்தப் பிடிச்சிருக்கு, பஸ்ல கம்பியப் பிடிக்கற மாதிரி. என்னப் பாத்ததும் எந்திரிச்சார், வளையத்த விடல.

"பொந்து சின்னதாயிடுச்சுங்க"ன்னார். "ஒம்போது வயசுல ஓடிக்கிட்டே பூந்துடுவேன்."

நாயுடு குதிக்கறார். "ஆளத் தெரியலையா குணாம்மா? லாடம் அடிச்ச சின்னையா மவன்மா இவரு! தலைய இழுக்கறப்பவே பாத்துட்டேன், அதே காது!"

"மூணாவது வீடுங்க, எங்களது"ன்னார் அவர். "அப்பா வேலை போனப்ப காலி பண்ணிட்டுப் போனோம். நீங்க அப்ப கைக்குழந்தையோ என்னமோ. இந்த வளையம் மாதிரியே எங்க வீட்லயும் ஒண்ணு. நான் அதுல தொங்கித் தொங்கித்தான் டிரில் மாஸ்டர் ஆனேன்."

"வேப்பேரின்னு சொன்னீங்களே"ன்னேன். கோவமா வந்துச்சு குரல், எனக்கே சிரிப்பா இருந்துச்சு.

"நீங்களுந்தான சொன்னீங்க."

"பின்கோடு ஒண்ணுதானேங்க!"

"அதேதான் நானும் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், கல்யாணத்தப்ப. கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது." டீ டம்ளரக் கீழ வெச்சார். "நீங்க நெஜமாவே வேப்பேரியா இருந்துட்டா என்ன பண்றதுன்னு ரெண்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. லாடக்காரன் மவன்னு தெரிஞ்சா என்ன நெனைப்பீங்களோன்னு. போன வாரம் நீங்க போன்ல சொன்னீங்க பாருங்க, மாட்டாஸ்பத்திரி ஸ்டாப்ல நில்லுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு? போன வெச்சிட்டு அரை மணி நேரம் தனியா உக்காந்து சிரிச்சேன். வேப்பேரிக்காரங்க எவங்க வந்து கூட்டிட்டுப் போறாங்க? நம்பர் சொல்லிட்டு ஏசியப் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்திருப்பாங்க. ஸ்டாப்புக்கே வந்து கூட்டிட்டுப் போற ஊரு ஒண்ணுதான் இருக்கு. ஆனாலும் ஒரு சந்தேகம். அதான் பொந்துல பூந்து பாத்துடலாம்னு."

ஜன்னல்ல இருந்த பெருசுங்க ஒண்ணு விடாம சிரிச்சுது. எஸ்தர் முந்தானையால கண்ணத் தொடைக்கறா, அவளுக்கு சிரிப்பும் அழுகையும் ஒரே கொழாயில வரும். நான் மூச்ச இழுத்துக்கிட்டு அந்த வளையத்தப் பாத்தேன். எங்கப்பா சவுக்கு மாட்டின வளையம், அந்த மீசை மாமா துண்டெடுத்த வளையம். அதப் பிடிச்சுக்கிட்டு ஒரு மனுஷன் சுண்ணாம்போட நிக்கறார், விட மனசில்லாம. அப்பா, நீ இதப் பாக்கலையேன்னு இருந்துச்சு.

"நேர்ல சொல்லுங்கன்னு கேட்டிருந்தேன்"ன்னார், இப்ப டிரில் மாஸ்டர் குரல் இல்ல, சின்னக் குரல். "ஒண்ணும் அவசரம் இல்லீங்க. பொண்ணு அடுத்த ஞாயித்துக்கிழமை பெங்களூர்லேர்ந்து வர்றேங்கறா, உங்களப் பாக்கணுமாம். அவகிட்டயும் நான் வேப்பேரின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க சரின்னா, மாட்டாஸ்பத்திரி ஸ்டாப்ல இறங்கச் சொல்லவா?"

பழக்கத்துல தலை ஆடத்தான் பாத்துச்சு. போகன்வில்லா சந்து, சேட்டு அபார்ட்மெண்ட், நாயுடு எருமைங்கள உள்ள தள்றது, எல்லாம் ஒரு தடவ மனசுல ஓடிச்சு. தெருவுல அந்த மூணாவது எருமை ஒரு சத்தம் போட்டுச்சு.

"சுடிதார்தானே போடுவா?"ன்னு கேட்டேன்.

"ஆமாங்க, ஏன்?"

"பொந்து வழியாவே வரச் சொல்லுங்க. இந்தப் பக்கம் நானே நிக்கறேன்."